விழுந்தால் மணிக்கூடு அழைக்கும். கதவை யார் திறப்பது?

வத்தளையில் ஹெந்தளைப் பக்கமோ ஹேகித்தப் பக்கமோ ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தால், பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, வயதான தாயும் தகப்பனும் மட்டும் இருக்கிற வீடு ஒன்றாவது வரும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் இதே கதைதான். விடுமுறைக்கு வந்த மகன் சூட்கேசிலிருந்து ஸ்மார்ட் மணிக்கூடு ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் கட்டி, இரண்டு படமும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார். மூன்றாம் மாதம் அது அலுமாரிக்குள் கிடக்கும். மணிக்கூட்டில் ஒரு பழுதும் இராது. கடைசியில் செய்ய வேண்டிய வேலையை மகன் முதலில் செய்துவிட்டார், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். வத்தளையில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு, விழுந்தால் தானாக அழைக்கும் மணிக்கூடு ஒன்றைக் கட்டிவிட்டேன். அவசரத் தொடர்பில் இரண்டு பெயர்கள்: வெள்ளவத்தையில் இருக்கும் நான், ரொறன்ரோவில் இருக்கும் தம்பி. ஒருநாள் காலை 11 மணிக்கு எச்சரிக்கை வந்தது. தம்பிக்கு அப்போது இரவு ஒன்றரை மணி. போன் சத்தமில்லாமல் கிடந்தது. கூட்டத்தில் இருந்த நான் 20 நிமிடம் கழித்துத்தான் பார்த்தேன். திருப்பி எடுத்தால் பதிலில்லை. காலி வீதி, புறக்கோட்டை, பேலியகொடை நெரிசல் எல்லாம் தாண்டிப் போய்ச் சேர இன்னும் ஒரு மணித்தியாலம். கேற் உள்ளே பூட்டு, கிறில் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். தட்டித் தட்டிக் கை நோகத் தொடங்கியபோது பின்பக்கத்திலிருந்து அம்மா வந்தார், கையில் பாதித் தேங்காயோடு. தேங்காய் உடைக்கக் கையை ஓங்கியதை மணிக்கூடு விழுந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறது. போன் முன்னறையில் சார்ஜில். அவர் உண்மையாகவே விழுந்து கிடந்திருந்தால் நான் கிறிலுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருப்பேன்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் வரிசை இதுதான்: முதலில் ஆள், அடுத்தது கதவு, அதற்குப் பிறகே மணிக்கூடு.

கடைக்குப் போகமுன்

1. நடந்து ஐந்து நிமிடத்தில் வரக்கூடிய இருவரைப் பிடியுங்கள். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு, ஒழுங்கை முனைக் கடைக்காரர், யாராகவும் இருக்கலாம். பகலில் வேலைக்குப் போகிறவரை மட்டும் நம்பவேண்டாம். போனில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள். "அம்மாவுக்கு ஏதும் எண்டால் வந்து பாப்பீங்களோ" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். "போன் வந்தால் திறப்பை எடுத்துக்கொண்டு போய் முன்கதவைத் திறக்க வேண்டும்" என்று வேலையைத் துல்லியமாகச் சொல்லுங்கள்.

2. நேரத்தைப் பங்கு போடுங்கள். கனடாவில் கோடை நேரம் நடக்கும்போது ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மற்ற மாதங்களில் பத்தரை. நமக்கு நள்ளிரவு 2 மணி என்றால் அங்கே மாலை. எனவே இரவு எச்சரிக்கைகளைக் கவனிக்க ரொறன்ரோப் பிள்ளைதான் சரியான ஆள். காலை எச்சரிக்கைக்கு அவரை நம்பக்கூடாது. இரவில் அவர் செய்ய வேண்டியது, பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்து எழுப்புவது. கனடாவிலிருந்து 1990 என்று அழுத்தினால் நம்முடைய அம்புலன்சுக்குப் போகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

3. ஒரு கதவையாவது வெளியிலிருந்து திறக்கும்படி மாற்றுங்கள். நம்முடைய வீடுகளில் கள்ளருக்குப் பயந்து உள்ளே இரண்டு தாழ்ப்பாள், கிறிலுக்கு ஒரு ஆமைப்பூட்டு. வெளியே திறப்பு இருந்தும் பயனில்லை. ஒரு கதவில் தாழ்ப்பாளைக் கழற்றி, இருபுறமும் திறப்பால் திறக்கும் பூட்டுப் போடுங்கள். உள்ளே திறப்பைப் பூட்டிலேயே செருகி விடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பல பூட்டுகளில் அப்போது வெளித்திறப்பு நுழையாது. மேலதிகத் திறப்பை அந்த இருவரில் ஒருவரிடம் கொடுங்கள்.

4. குளியலறைக் கதவைப் பாருங்கள். உள்நோக்கித் திறக்கும் கதவென்றால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். தச்சரைக் கூப்பிட்டு வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றுவது அரைநாள் வேலை. அது முடியாவிட்டால் கொண்டியைக் கழற்றித் திரைச்சீலை போடுங்கள். சுவரில் கைபிடியும் சறுக்காத விரிப்பும் போட்டால் விழுவதே குறையும். மணிக்கூட்டுக்கு வைத்திருக்கும் காசில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

5. போனுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை ஒட்டுங்கள். அதில் 1990; முழு விலாசம்; ஒழுங்கை எங்கே திரும்புகிறது என்ற அடையாளம்; வயது, வருத்தங்கள், குடிக்கும் மருந்துகள். வத்தளையில் 45/3 என்ற இலக்கம் மட்டும் சொன்னால் வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டார் சிங்களம் பேசுபவர் என்றால் அதையே சிங்களத்திலும் எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

குறிப்பு: 1990 சுவசெரிய இலவசச் சேவை. 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. 119 பொலிஸ் இலக்கம். பதற்றத்தில் பலர் 119ஐ அழுத்தி நேரத்தை விடுகிறார்கள்.

எதை வாங்குவது

கடையில் காட்டுவது எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். உங்களுக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விழுந்தால், அல்லது பொத்தானை அழுத்தினால், இது தானாக ஒருவரை அழைக்குமா?

மலிவான கைப்பட்டைகள் நாடித்துடிப்பு, அடி எண்ணிக்கை, தூக்கம் காட்டும். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு கிழமைக்கு மேல் நிற்கும். பெரும்பாலானவை விழுந்தால் யாரையும் அழைக்கா. நடைப்பழக்கத்துக்கு நல்லது, தனியாக இருப்பவருக்குப் போதாது.

சிம் போடும் ஜீபிஎஸ் மணிக்கூடுகளில் ஒரு பெரிய அவசரப் பொத்தான் இருக்கும். ஸ்மார்ட்போன் பழகாதவருக்கு இதுவே இலகு. 4ஜியில் இயங்குமா என்று கேட்டு வாங்குங்கள். 2ஜி மட்டும் உள்ள பழைய சரக்கு இன்னும் விற்பனைக்கு வருகிறது.

விழுவதை உணரும் ஸ்மார்ட் மணிக்கூடுகள் மூன்றாம் வகை. ஆப்பிள் வாட்சில் இந்த வசதி 2018இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து உண்டு. சாம்சங் கலக்ஸி வாட்சிலும் உண்டு. ஆப்பிளுக்கு ஐபோன் வேண்டும். ஒரு வீட்டில் அப்பாவிடம் அன்ட்ராய்டு போன் இருக்க, லண்டன் மகள் ஆப்பிள் மணிக்கூடு கொண்டுவந்து கொடுத்து, இருவரும் ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் போனைப் பாருங்கள், பிறகு மணிக்கூட்டைத் தேருங்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டியிலோ சிம் வகையை வாங்கினால், காசு கொடுக்கமுன் ஐஎம்இஐ இலக்கத்தைக் கேட்டு, IMEI என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் அந்த இலக்கமும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். சார்ஜருக்கு மூன்று சதுர ஊசிகள் உள்ள 13 அம்பியர் பிளக்கையே கேளுங்கள். தளர்ந்த அடப்டரில் இரவு முழுக்கச் சார்ஜ் போடுவது தீயை அழைப்பது.

எதைக் காட்டும், எதைக் காட்டாது

நாடித்துடிப்பு: மணிக்கூட்டின் அடியில் பச்சை விளக்கு மினுங்கும். தோலுக்குக் கீழே ஓடும் இரத்தம் அந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. அமர்ந்திருக்கும்போது ஓரளவு நம்பலாம். ஓய்வில் 60 முதல் 100 வரை வழமையானது. அட்டனொலோல், பிசொப்ரொலோல் போன்ற மருந்து குடிப்பவருக்கு இது குறைவாகவே இருக்கும்; எச்சரிக்கை எல்லையை வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

ஒட்சிசன் அளவு: கை குளிர்ந்திருந்தால், பட்டி தளர்ந்திருந்தால், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் பிழையாகக் காட்டும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டவும் கூடும். குறைந்த எண் வந்தால் கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் இருந்து, விரலில் கவ்வும் கருவியால் மறுபடி பாருங்கள். மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 1990.

பிரஷர்: கைப்பட்டி காற்று ஊதாமல் காட்டும் எண்ணை மருந்து கூட்டவோ குறைக்கவோ பயன்படுத்தாதீர்கள். சாம்சங்கின் இந்த வசதிக்குக்கூட, மேற்கையில் கட்டும் கருவியோடு நான்கு கிழமைக்கு ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மேற்கைக் கருவி ஒன்று வாங்கி, ஐந்து நிமிடம் சாய்ந்திருந்து, கால் நிலத்தில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க எடுத்து, கிளினிக் கொப்பியில் எழுதுங்கள்.

சீனி: ஊசி குத்தாமல் சீனி பார்க்கும் என்று விற்கும் மணிக்கூட்டையும் மோதிரத்தையும் வாங்கவே வேண்டாம். அப்படி ஒன்றுக்குமே தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. இன்சுலின் போடுபவர் பொய்யான எண்ணை நம்பினால், சீனி இறங்கி மயங்குவார். மேற்கையில் ஒட்டும் ஃபிரீஸ்டைல் லிப்ரே போன்ற உணரி வேறு; அதில் தோலுக்குள் போகும் மெல்லிய இழை உண்டு. அதுகூடச் சில நிமிடம் பிந்தியே காட்டும். வியர்த்து, கை நடுங்கினால் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், உடனே இனிப்புக் கொடுங்கள்.

மாரடைப்பு: எந்த மணிக்கூடும் இதைக் கண்டுபிடிப்பதில்லை. இசிஜி எடுக்கும் ஆப்பிள் மணிக்கூடே தன்னால் அது முடியாது என்று திரையில் சொல்லிவிடும். "மணிக்கூட்டில் எல்லாம் நல்லாத்தான் காட்டுது" என்று நெஞ்சு நோவோடு வீட்டில் இருப்பதுதான் இந்தக் கருவிகளால் வரும் ஆகப் பெரிய ஆபத்து. நெஞ்சு நோ, அல்லது பக்கவாதத்தின் அறிகுறிகளான வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் என்றால் மணிக்கூட்டைப் பார்க்கவே வேண்டாம்.

கையில் கட்டமுன் கவனிக்க

டயலிசிஸ் செய்பவருக்கு, இரத்தக்குழாய் இணைத்த கையில் எதையும் கட்டக்கூடாது. மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவருக்கும் அந்தப் பக்கக் கை வேண்டாம். பேஸ்மேக்கர் உள்ளவர் மணிக்கூட்டையும் போனையும் நெஞ்சுப் பையில் வைக்கக்கூடாது. 15 சென்ரிமீற்றராவது தள்ளி, சார்ஜில் இருக்கும்போது 30 சென்ரிமீற்றர் தள்ளி. எம்ஆர்ஐ எடுக்கமுன் கழற்ற வேண்டும்.

வத்தளைப் புழுக்கத்தில் சிலிக்கன் பட்டிக்கு அடியில் வியர்வை தேங்கி, முதிய தோல் இரண்டே நாளில் சிவந்துவிடும். துணிப் பட்டி ஒன்று வாங்கி, இரவில் மாற்றிக் கட்டுங்கள்.

கட்டும் நாள்

1. பெற்றோரிடம் கேளுங்கள். என் அம்மா முதலில் சொன்னது: "எனக்கென்ன, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரியோ?" அந்தக் கோபம் நியாயமானது. யார் யார் எதைப் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். தூக்கக் கணக்கைப் பிள்ளைகள் பார்க்கத் தேவையில்லை. அதை மறைத்து வைத்தேன், அம்மா இறங்கி வந்தார்.

2. கணக்கை அவர் பெயரிலேயே திறந்து, அவருடைய பிறந்த ஆண்டையே போடுங்கள். அவசரத்தில் பிள்ளைகள் தங்கள் பிறந்த திகதியைப் போட்டுவிடுவார்கள். ஆப்பிளில் 55 வயதும் அதற்கு மேலும் என்றால்தான் விழுதல் உணரி தானாக இயங்கும்.

3. விழுதல் உணரி இயங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆப்பிளில் கையில் கட்டியிருப்பதை உணரும் வசதியும் இயங்க வேண்டும். அதை நிறுத்திவிட்டால், விழுந்ததை உணர்ந்தாலும் தானாக அழைக்காது.

4. அவசரத் தொடர்பில் முதலில் பக்கத்து வீட்டாரையும், பிறகு பிள்ளைகளையும் போடுங்கள். அவர்களுடைய போனில் பெற்றோரின் இலக்கம் சத்தமில்லா நிலையிலும் ஒலிக்கும்படி வையுங்கள். மணிக்கூடு தானாக எந்த அவசர இலக்கத்தை அழைக்கப் போகிறது என்று அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அது அம்புலன்ஸ் இல்லை என்றால், 1990ஐ அழைப்பது பக்கத்து வீட்டாரின் வேலை.

5. மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, சிறுவிரல் நுழையும் அளவு இறுக்கமாகக் கட்டுங்கள்.

6. பொத்தானை அவரையே பத்துத் தடவை அழுத்தச் சொல்லுங்கள். உண்மையான அழைப்புப் போகமுன் ரத்துச் செய்வதையும் பழக்குங்கள்.

7. தேவையில்லாத அறிவிப்புகளை எல்லாம் நிறுத்துங்கள். வட்ஸ்அப் வாழ்த்துகள் நாள்முழுக்கக் கையில் அதிர்ந்தால், மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிடுவார்.

எச்சரிக்கை: விழுதல் உணரியைச் சோதிக்க அவரை மெத்தையில்கூட விழச் சொல்லாதீர்கள். பொத்தானைச் சோதித்தால் போதும். பலத்த அடி பட்டால்தான் அந்த உணரி அறியும். ஆப்பிள், ஒரு நிமிடம் வரை அசைவில்லை என்றால் 30 நொடி எண்ணி, பிறகு அழைக்கும். கதிரையிலிருந்து மெல்லச் சரிந்து நிலத்தில் இருந்துவிட்டால் பெரும்பாலும் தெரியாமல் போகும். அதனால்தான் பொத்தான்.

எப்போது சார்ஜ் போடுவது

பலர் குளிக்கப் போகும்போது கழற்றிச் சார்ஜில் போடுகிறார்கள். என் அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் பத்திரமாக வைத்துவிட்டுப் போவார். விழுவதற்கு வாய்ப்புக் கூடிய ஈரத் தரையில் அப்போது கை வெறுமை. 50 மீற்றர் நீர்த்தாங்கும் குறி உள்ளதை வாங்கி, குளிக்கும்போதும் கட்டியிருக்கச் சொல்லுங்கள்; சவர்க்காரம் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவினால் சரி. சார்ஜ் போடும் நேரம் இரவு நாடகம் பார்க்கும் நேரம்தான். ஒரு மணித்தியாலம் கதிரையில் அசையாமல் இருப்பார்கள்.

மின்வெட்டை மறக்க வேண்டாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்து நாடே இருண்டது. வைஃபையை மட்டும் நம்பும் மணிக்கூடு அந்நேரம் ஊமை. ரவுட்டருக்குச் சிறிய மின்கலப் பெட்டி ஒன்று வையுங்கள், அல்லது போனில் டேட்டா எப்போதும் இருக்கட்டும். சிம் இல்லாத மணிக்கூட்டுக்குப் போன் பத்து மீற்றருக்குள் இருக்க வேண்டும். பழைய தடித்த சுவர் வீடுகளில் அதுவும் கிடைக்காது. அறை அறையாக நடந்து பாருங்கள்.

அழைப்பு வந்தால்

இதைப் பக்கத்து வீட்டாரின் அட்டையில் அப்படியே எழுதுங்கள்.

1. திரும்ப அழைத்துப் பாருங்கள். 30 நொடியில் பதில் இல்லை என்றால் திறப்போடு புறப்படுங்கள்.

2. போனதும் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். பேசுகிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா பாருங்கள். பேச்சில்லை, மூச்சு சரியில்லை என்றால் அப்போதே 1990.

3. இடுப்பில் நோ, கால் ஒரு பக்கம் திரும்பிக் குறுகியதுபோல் இருந்தால் அசைக்காமல் 1990. தலை அடிபட்டிருந்து, வார்ஃபரின் அல்லது குளோபிடோகிரெல் குடிப்பவர் என்றால், "ஒண்டுமில்லை" என்று அவர் சொன்னாலும் ஆஸ்பத்திரி. வத்தளைக்குக் கிட்டிய பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ராகமையில்.

4. எதுவும் இல்லை என்றால் மெல்லப் பக்கவாட்டில் திருப்பி, முழந்தாளில் நிறுத்தி, கதிரையைப் பிடித்து அவராகவே எழவிடுங்கள்.

5. கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டுதான் வண்டியில் ஏற வேண்டும்.

மறதி நோய் உள்ளவருக்கு

வீட்டை விட்டு இறங்கினால் அறிவிக்கும் எல்லையை ஜீபிஎஸ் மணிக்கூட்டில் போடலாம். நீர்கொழும்பு வீதியும் ஹமில்டன் கால்வாயும் இவ்வளவு கிட்ட இருக்கும் ஊரில் இது பயனுள்ளது. எல்லையைச் சிறிதாகப் போட்டால், வீட்டுக்குள்ளேயே இடம் பிழைத்து நாளுக்கு நாலு தரம் கத்தும். பிறகு யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். கழற்ற முடியாத பட்டிகளும் விற்கிறார்கள். வலிந்து பூட்டுவதற்கு முன், அவர் ஏற்கெனவே கட்டிப் பழகிய மணிக்கூட்டின் இடத்தில், அதே கையில் கட்டிப் பாருங்கள். சாரத்தின் மடிப்பிலோ சட்டைப் பையிலோ போன் இலக்கம் எழுதிய துணித்துண்டு ஒன்றைத் தைத்தும் விடுங்கள். அதற்குச் சார்ஜ் தேவையில்லை.

மாதம் ஒருமுறை

மாதத்தின் முதல் ஞாயிறு, பக்கத்து வீட்டாருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அவசர இலக்கத்துக்குப் போகமுன் ரத்துச் செய்துவிட்டு, அடுத்த வீட்டுப் போனுக்கு நேரடியாக எடுக்கட்டும். அழுத்திய நேரத்தையும் கதவு திறந்த நேரத்தையும் கலண்டரில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் போன மாதம் ஆறு நிமிடம். அதில் நாலு நிமிடம் எதிர்வீட்டு அக்கா திறப்பைத் தேடியது. இப்போது அது அவருடைய முன்கதவுக்குப் பின்னால், சிவப்பு நாடாவில் தொங்குகிறது.